பேட்டரியில் பாடும் சின்ன ஆம்பிளிஃபயர்: எல்எம்386 வைத்து வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

ஒலியைப் பெருக்கும் எட்டுக்கால் சில்லான எல்எம்386 ஐசியை வைத்துச் செய்யும் ஆம்பிளிஃபயரின் சர்க்யூட் உள்ளங்கை அகலக் காகிதத்தில் அடங்கிவிடும். ஸ்பீக்கர், சுவிட்ச் எல்லாம் சேர்த்து இருபது உதிரிகள் போதும். அப்படியிருந்தும் முதன்முறை செய்பவர்களில் பலருக்குப் பாட்டுக்குப் பதில் ஊளையோ உறுமலோதான் கேட்கிறது. சிலருக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பலரைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் ஐசியில் குற்றம் இருக்காது, படத்திலும் இருக்காது. வேலை செய்த வரிசைதான் பிசகியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஈயம் வைத்து முடித்துவிட்டு, கடைசியில் பேட்டரியை மாட்டி, போனைச் சொருகிக் காத்திருப்பார்கள். பாடவில்லை என்றால் எங்கே தேடுவது? நாற்பது ஈயப் பொட்டில் எதைச் சந்தேகப்படுவது?

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் ஸ்பீக்கர், பிறகு மின்சாரம், பிறகு கிரவுண்டு (எல்லா மைனஸும் சேரும் இடம்), பிறகு வெளியீடு. அதற்குப் பின்தான் ஐசி. பாட்டு உள்ளே வரும் பக்கம் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. எந்த பேட்டரி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

9 வோல்ட் கொடுத்து 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் இந்த ஐசியிலிருந்து அரை வாட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஓர் அறைக்கும், மொட்டை மாடியில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கவும் அது தாராளம். தெருவுக்கே கேட்க வேண்டுமென்றால் இது உங்களுக்கான ஐசி இல்லை.

இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவற்றில் சதுரமான 9 வோல்ட் பேட்டரி வரைந்திருக்கும். அதை வாங்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பவை ஆறு குட்டி செல்கள்தான். சத்தம் கூடும் நேரத்தில் ஸ்பீக்கர் 400 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். குட்டி செல்லால் அவ்வளவு கொடுக்க முடியாது. வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். இறங்கியதும் சத்தம் குறையும், குறைந்ததும் வோல்டேஜ் ஏறும், மறுபடி சத்தம் எழும்பும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்பீக்கரில் படகு மோட்டார் போல "டுப் டுப் டுப்" என்று கேட்கிறது.

ஆறு பென்சில் செல்லை ஹோல்டரில் தொடராகப் போடுங்கள். ஆல்கலைன் செல்லாக இருக்கட்டும். அதே 9 வோல்ட்தான், ஆனால் தாங்கும் சக்தி பல மடங்கு. மிதமான சத்தத்தில் சராசரியாக 50 மில்லிஆம்பியர் போகும் என்று வைத்துக்கொண்டால் முப்பது, நாற்பது மணி நேரம் பாடும்.

2. வாங்க வேண்டியவை

சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே கடையில் முடியும். மற்ற ஊர்களில் டிவி, ரேடியோ உதிரி விற்கும் கடைகளில் கேளுங்கள்.

- எல்எம்386 ஐசி 2, எட்டுக்கால் ஐசி பேஸ் (ஐசியைச் சொருகும் தாங்கி) 1
- 8 ஓம் ஸ்பீக்கர், மூன்று அல்லது நான்கு அங்குலம்
- 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் 2
- 10 மைக்ரோஃபாரட் 1, 1 மைக்ரோஃபாரட் 1
- 104 என்று அச்சிட்ட செராமிக் 1, 473 என்று அச்சிட்டது 1, 102 என்று அச்சிட்டது 1
- ரெசிஸ்டர்: 10 ஓம் 1, 1 கிலோ ஓம் 2, 4.7 கிலோ ஓம் 1
- 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல்
- 1என்5819 டயோடு, எல்ஈடி, சுவிட்ச், ஆறு செல் ஹோல்டர்
- புள்ளி போர்டு, ஷீல்டு ஒயர், 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்

ஐசியின் பெயருக்குப் பின்னால் என்-1, என்-3, என்-4 என்று ஒட்டு இருக்கும். முதல் இரண்டும் 12 வோல்ட் வரை, என்-4 மட்டும் 18 வோல்ட் வரை. நம் 9 வோல்ட்டுக்கு எது கிடைத்தாலும் சரி. இரண்டு வாங்கச் சொல்வது, ஒன்று பழுதோ என்ற சந்தேகம் வந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்க.

10 ஓம் ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, கறுப்பு. 10 கிலோ ஓமில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுப்பதுண்டு. ஈயம் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். விலை குறைந்ததே போதும். ஈயம் நடுவில் ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ள கம்பியாக இருக்கட்டும். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட் கூடவே கூடாது. அது சில மாதங்களில் செம்பை அரித்துவிடும்.

3. படத்தைத் தலைகீழாகவும் வரைந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இங்கேதான்.

ஐசியின் ஒரு முனையில் பிறை வெட்டு இருக்கும். வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8.

ஆனால் நீங்கள் ஈயம் வைப்பது போர்டின் அடிப்பக்கத்தில். திருப்பியதும் இடம் வலமாகிவிடும். 1 இருந்த இடத்தில் 8 நிற்கும். இதை மறந்து மின்சாரத்தை 3ஆம் காலுக்கும், பாட்டை 6ஆம் காலுக்கும் கொடுத்தவர்கள் உண்டு. வெள்ளைத்தாளில் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் தனித்தனியாக வரைந்து எண் போடுங்கள். போர்டின் அடியில் முதல் காலுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

கால்களின் வேலை இது: 2 கிரவுண்டுக்கு. 3 பாட்டு உள்ளே வரும் வாசல். 4 கிரவுண்டு. 5 வெளியே போகும் வாசல். 6 மின்சாரம். 7 மின்சாரத்தில் வரும் நடுக்கத்தை உள்ளே விடாமல் வடிகட்ட. 1, 8 இரண்டும் பெருக்கத்தைக் கூட்ட. இப்போதைக்கு அவற்றைத் தொட வேண்டாம்.

4. ஸ்பீக்கரைச் சோதியுங்கள்

பழைய ரேடியோவிலிருந்து கழற்றியதென்றால் இது கட்டாயம். ஓம் அளவில் மீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். 3 சொச்சம் காட்டினால் அது 4 ஓம், ஒதுக்கி வையுங்கள். 4 ஓம் மாட்டினால் சத்தம் கூடும் என்று ஆசைப்படுவார்கள். கூடுவது ஐசியின் சூடுதான்: 9 வோல்ட்டில் 8 ஓமுக்கு அரை வாட் சூடு என்றால் 4 ஓமுக்கு ஒரு வாட். சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக்குக்கு அது பெரிய சுமை.

ஒரு பென்சில் செல்லை ஸ்பீக்கரின் இரு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டக்" என்று கேட்டால் நல்லது. கரகரத்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசுகிறது. ஆம்பிளிஃபயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஸ்பீக்கரில் பாட்டு நன்றாக வராது.

5. மின்சாரப் பகுதி, ஐசி இல்லாமல்

போர்டில் ஐசி பேஸுக்கு மட்டும் முதலில் ஈயம் வையுங்கள். நேராக ஐசிக்கு ஈயம் வைக்கக் கூடாது: சூட்டில் கெடலாம், கெட்டால் கழற்றவும் முடியாது.

செல் ஹோல்டரின் கறுப்பு ஒயர் 4ஆம் காலுக்கு, சிவப்பு ஒயர் சுவிட்சுக்கு. சுவிட்சிலிருந்து டயோடு, வெள்ளிக் கோடு ஐசி பக்கம் பார்த்தபடி. அங்கிருந்து 6ஆம் கால். செல்லை யாராவது திருப்பிப் போட்டாலும் டயோடு தடுத்துவிடும். இந்த வகை டயோடில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

6ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையில் 470 மைக்ரோ ஒன்று, ப்ளஸ் 6இன் பக்கம். அதோடு 104 செராமிக், ஐசி பேஸை ஒட்டினாற்போல. பெரியது எதற்கு, சிறியது எதற்கு என்று கேட்பார்கள். தாளத்தின் அடி விழும்போது சட்டென்று தேவைப்படும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தருவது பெரியது. காதுக்கு எட்டாத அதிவேக அலைகளை அடக்குவது சிறியது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. சிறியதை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் இருந்தும் பயனில்லை.

எல்ஈடியை 4.7 கிலோ ஓம் வழியாக 6ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையில் இணையுங்கள். பலரும் 1 கிலோ ஓம் போடுகிறார்கள். அப்போது எல்ஈடி 7 மில்லிஆம்பியர் குடிக்கும். பாட்டில்லாத நேரத்தில் ஐசியே 4 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். விளக்குக்காக பேட்டரியைக் காலி செய்வானேன்?

இப்போது சுவிட்சைப் போட்டு, காலியான பேஸின் 6க்கும் 4க்கும் இடையில் அளங்கள். புது செல் என்றால் 9 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். காட்டாவிட்டால் இங்கேயே நின்று தேடுங்கள். மற்ற கால்கள் ஒவ்வொன்றிலும் அளந்து, அங்கே வோல்டேஜ் வரவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

6. கிரவுண்டு: எல்லாம் ஒரே புள்ளிக்கு

ஊளையிடும் ஆம்பிளிஃபயர்களை என்னிடம் கொண்டுவரும்போது முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

கிரவுண்டு எல்லாம் ஒன்றுதானே என்று, ஸ்பீக்கரின் மைனஸ், வால்யூம் கண்ட்ரோலின் மைனஸ், பிளக்கின் மைனஸ் எல்லாவற்றையும் ஒரு மெல்லிய ஒயரில் வரிசையாகக் கோத்துவிடுவார்கள். மீட்டரும் பீப் அடிக்கும், எல்லாம் இணைந்திருப்பதாகவே தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஒயருக்கு 0.05 ஓம் தடை இருக்கிறது. ஸ்பீக்கரின் 400 மில்லிஆம்பியர் அதன் வழியே திரும்பினால் அதில் 20 மில்லிவோல்ட் எழும்பும். இந்த ஐசிக்கு முழுச் சத்தம் எழுப்ப உள்ளே வர வேண்டியதே 120 மில்லிவோல்ட் அளவுதான். வெளியே போன சத்தத்தில் ஒரு பங்கு கிரவுண்டு வழியாக வாசலுக்கே திரும்பி வருகிறது. அது பெருகி, மறுபடி திரும்பி வந்து, ஊளையாகிறது.

ஆகவே 4ஆம் கால் அருகே ஒரு புள்ளியை மையமாக வையுங்கள். பேட்டரி மைனஸ், ஸ்பீக்கர் மைனஸ், உள்வரும் பக்கத்தின் மைனஸ், 2ஆம் கால் நான்கும் தனித்தனி வழியில் அந்தப் புள்ளிக்கு வர வேண்டும். பேட்டரிக்கும் ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் தடித்த ஒயர் நல்லது.

7. வெளியீட்டுப் பக்கம்

5ஆம் காலில் பாட்டில்லாதபோதும் மின்சாரத்தில் பாதி, சுமார் 4.5 வோல்ட், நின்றுகொண்டிருக்கும். ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால் அந்த நேர்மின்சாரம் (ஒரே திசையில் ஓடுவது) கம்பிச்சுருளில் ஓடி ஸ்பீக்கரையும் ஐசியையும் சுடவைக்கும். இரண்டாவது 470 மைக்ரோவை இடையில் போடுங்கள், ப்ளஸ் 5ஆம் கால் பக்கம்.

இந்தக் கெப்பாசிட்டரின் அளவுதான் தாழ்ந்த ஒலி எவ்வளவு கீழே வரை கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 8 ஓமுக்கு 220 மைக்ரோ போட்டால் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலியத் தொடங்கும். 470 போட்டால் 42 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கருக்கு அதற்கு மேல் பெரிதாக்கிப் பயனில்லை.

அடுத்து 10 ஓமையும் 473ஐயும் தொடராக்கி, 5ஆம் காலிலிருந்து மையப் புள்ளிக்குப் போடுங்கள். இதை விட்டுவிட்டாலும் பாடுகிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பாடும்தான். ஆனால் ஸ்பீக்கரும் அதன் ஒயரும் அதிவேக அலைகளுக்கு வேறு மாதிரி நடந்துகொள்வதால், காதுக்குக் கேட்காத அதிர்வு ஐசிக்குள் உருவாகலாம். பாட்டில்லாமலே ஐசி கொதிக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும், காரணம் தெரியாது.

7ஆம் காலிலிருந்து 10 மைக்ரோ மையப் புள்ளிக்கு, ப்ளஸ் 7இன் பக்கம். செல் பழசாகும்போது வரும் "டுப் டுப்" சத்தத்தைத் தள்ளிப்போடுவது இதுதான்.

8. ஐசியைப் பொருத்தி மூன்று சோதனைகள்

3ஆம் காலை ஒரு துண்டு ஒயரால் தற்காலிகமாக கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் இன்னும் வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிறை வெட்டைப் பார்த்து, ஐசியைச் சொருகுங்கள். கால் மடங்கி ஐசிக்கு அடியில் ஒளிந்துகொள்வது சகஜம். பக்கவாட்டில் வைத்து எட்டுக் காலையும் எண்ணிப் பாருங்கள்.

முதல் சோதனை: சுவிட்சைப் போட்டு 5ஆம் காலை அளங்கள். 6ஆம் காலில் இருப்பதில் ஏறத்தாழ பாதி இருக்க வேண்டும். பூஜ்யமோ முழு வோல்டேஜோ இருந்தால் உடனே அணையுங்கள்; ஐசி திரும்பியிருக்கிறது அல்லது பக்கத்துக் காலோடு ஈயம் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது: எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி, சுவிட்ச் போட்டிருக்கும்போதே அதன் இரு காலிலும் மீட்டர் முனைகளை வைத்துவிட்டு, பிறகு சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் இப்போது மீட்டர் வழியாக ஓடும். இப்படிச் செய்தால் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும் முதல் வேகம் மீட்டரின் ஃபியூஸைத் தாக்காது. எல்ஈடியோடு சேர்த்து 5 முதல் 10 மில்லிஆம்பியர் சரி. 30, 40 என்றால் எங்கோ அதிர்வு இருக்கிறது. 104ஐயும் 473ஐயும் பாருங்கள்.

மூன்றாவது: அணைத்துவிட்டு ஸ்பீக்கரை இணையுங்கள். மறுபடி போடும்போது ஒரு "தொப்" கேட்கும், அது இயல்பு. 3ஆம் காலின் தற்காலிக ஒயரை எடுத்துவிட்டு, ஸ்குரூடிரைவர் நுனியால் அந்தக் காலைத் தொட்டு, அதன் இரும்பில் உங்கள் விரலை வையுங்கள். "உம்ம்" என்று உறுமினால் ஐசி முதல் ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி. இனி எது நடந்தாலும் குற்றம் உள்வரும் பக்கத்தில்தான்.

9. பாட்டை உள்ளே கொண்டுவருதல்

பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்டு. நம்முடையது ஒற்றை ஸ்பீக்கர் என்பதால் இடதையும் வலதையும் நேராக முறுக்கி ஒன்றாக்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் போனுக்குள் இருக்கும் இரண்டு சிறு ஆம்பிளிஃபயர்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் வைத்து, அதற்குப் பின் சேருங்கள்.

சேர்ந்த இடத்திலிருந்து 1 மைக்ரோ வழியாக வால்யூம் கண்ட்ரோலுக்கு. ப்ளஸ் எந்தப் பக்கம் என்ற கவலையே வேண்டாமென்றால் பாலியெஸ்டர் வகை வாங்குங்கள். போனிலிருந்து நேர்மின்சாரம் கசிந்து வந்தால், குமிழைத் திருகும்போதெல்லாம் கரகரக்கும். அதைத் தடுக்கத்தான் இது.

குமிழ் உங்களைப் பார்க்க, மூன்று காலும் கீழே தொங்க வால்யூம் கண்ட்ரோலைப் பிடியுங்கள். வலது கால் பாட்டுக்கு, நடுக்கால் ஐசியின் 3ஆம் காலுக்கு, இடது கால் கிரவுண்டுக்கு. இடம் வலம் மாறினால் குமிழைக் குறைக்கும் பக்கம் திருகச் சத்தம் கூடும். நடுக்காலில் தவறாக கிரவுண்டைக் கொடுத்தால் குமிழை ஒரு கோடிக்குத் திருகும்போது போனின் வெளியீடே கிரவுண்டில் போய் முட்டும்.

வால்யூம் கண்ட்ரோலிலிருந்து போர்டு வரை ஷீல்டு ஒயர்தான். மேலே சுற்றிய பின்னல் இடது காலுக்கும் மையப் புள்ளிக்கும். 3ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 102 கெப்பாசிட்டரை வையுங்கள். பக்கத்தில் போன் இருக்கும்போது வரும் "டிரிட் டிரிட்" இரைச்சலையும், எங்கிருந்தோ மெல்லக் கேட்கும் வானொலியையும் அது வாசலிலேயே வடித்துவிடும்.

10. 1, 8 கால்களை ஏன் சும்மா விட வேண்டும்

இந்த இரண்டுக்கும் இடையில் 10 மைக்ரோ போட்டால் 20 மடங்காக இருக்கும் பெருக்கம் 200 மடங்காகும். பத்து மடங்கு சத்தம் வரும் என்று நம்பி எல்லோரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்கிறார்கள்.

பெருக்கம் வேறு, சக்தி வேறு. 9 வோல்ட் பேட்டரியிலிருந்து வெளியே வரக்கூடிய உச்சம் அதே அரை வாட் சொச்சம்தான். போனின் பாட்டுக்கு 20 மடங்கே அதிகம். அதனால்தான் வால்யூம் கண்ட்ரோல் வைக்கிறோம். 200 ஆக்கினால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே குரல் உடையும், இரைச்சல் பத்து மடங்காகும், 6ஆம் பிரிவில் சொன்ன ஊளையும் சுலபமாக வரும். மைக்கோ கிடார் பிக்கப்போ மாட்டுவதாக இருந்தால் மட்டும் அது தேவைப்படலாம்.

11. பெட்டிதான் பாதிப் பாட்டு

மேசையில் வெறுமனே கிடக்கும் ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு "சத்தமே இல்லை" என்று மனம் தளர்ந்துவிடுவார்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தில் சந்தித்து, தாழ்ந்த ஒலியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை அதில் பதித்துக் கேளுங்கள். அதே ஆம்பிளிஃபயரா என்று சந்தேகம் வரும். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து ரேடியோ கேட்ட வீடுகளில் நடந்ததும் இதுதான். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்வதானால் மூட்டுகளில் காற்று ஒழுகாதபடி பசையால் அடையுங்கள். செல் ஹோல்டர் உள்ளே ஆடாமல் பஞ்சோ ஃபோமோ வைத்து இறுக்குங்கள்; அது ஆடினால் கரகரப்பு ஸ்பீக்கரிலிருந்து வருவது போலவே கேட்கும்.

12. பாடவில்லையா? இப்படித் தேடுங்கள்

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் 8ஆம் பிரிவின் விரல் சோதனைக்குத் திரும்புங்கள். உறுமினால் பிளக்கையும் வால்யூம் கண்ட்ரோலையும் பாருங்கள். உறுமாவிட்டால் 6ஆம் காலின் வோல்டேஜ், 5ஆம் காலின் பாதி வோல்டேஜ், பிறகு ஸ்பீக்கர் ஒயர்.

விட்டு விட்டுக் கேட்கிறதென்றால் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. ஈயம் மங்கலாக, உருண்டையாக நிற்கும் இடத்தைத் தேடுங்கள். அயர்ன் நுனி செம்பையும் உதிரியின் காலையும் ஒன்றாகச் சுடவைக்க வேண்டும். ஈயத்தை அயர்னில் வைக்காமல் அந்தச் சந்திப்பில் வையுங்கள்.

சத்தம் குறைவாக இருக்கும்போது சுத்தமாகவும், கூட்டினால் உடைந்தும் கேட்டால், சத்தம் போட்ட நிலையிலேயே 6ஆம் காலை அளங்கள். 6 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டால் செல் தீர்ந்தது. இறங்காவிட்டால் போனின் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

13. செல்லை மாற்றும்போது

ஆறையும் ஒன்றாக மாற்றுங்கள். நாலு பழசோடு இரண்டு புதுசு போட்டால், புதியவை தள்ளும் மின்சாரம் தீர்ந்துபோன செல்லின் வோல்டேஜைத் தலைகீழாக்கி அதைக் கசியவைக்கும். ரீசார்ஜ் பென்சில் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், ஆறு போட்டால் 7.2 வோல்ட், பாடும், சத்தம் கொஞ்சம் குறையும். எட்டு போட்டால் 9.6 வோல்ட்.

18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போட்டும் ஓட்டலாம், 7.4 வோல்ட், நிறைந்திருக்கும்போது 8.4. ஆனால் இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டும், 8.4 வோல்ட் லித்தியம் சார்ஜரும் இல்லாமல் இறங்க வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று டிபி4056 சார்ஜர் போர்டை வாங்கி இந்த இரண்டு செல் தொடருக்கு மாட்டுகிறார்கள். அது ஒரு செல்லுக்கு மட்டுமே ஆனது. லித்தியம் செல்லின் முனையில் நேராக ஈயமும் வைக்காதீர்கள். ஹோல்டரையோ, பட்டை ஒட்டிய செல்லையோ கேட்டு வாங்குங்கள்.